பூஜ்யம் காட்டிய பெட்டி

தையல் மெஷின் நின்றுவிட்டால் ஒரு கடை இத்தனை அமைதியாகிவிடும் என்று ஸ்டெப்னிக்கு அன்றுதான் தெரிந்தது. சுவர் முழுக்கப் பாதி தைத்த சட்டைகள் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன, ஏதோ கெட்ட செய்திக்குக் காத்திருப்பதுபோல. அவனுக்கு அந்த இடம் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அவன் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தவன். நாலு வருடத்துக்கு முன் மேடத்தை ஒரு நாள் ஏற்றிக்கொண்டு போனவன், இறக்கிவிட மறந்துவிட்டான் என்றுதான் சொல்ல வேண்டும். துப்பறியும் தொழிலில் உனக்கு என்ன வேலை என்று யாரோ கேட்டதற்கு, "வண்டி ஓடுற வரைக்கும் யாரும் கண்டுக்க மாட்டாங்க, பஞ்சரானாத்தான் தேடுவாங்க" என்று வாயைக் கொடுத்தான். அன்றோடு சொந்தப் பெயர் போய் ஸ்டெப்னி ஆனான். மேடம் அதற்கு முன் இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நஷ்டஈட்டு மனுக்களைப் படித்தவர். எழுதியதைவிட, எழுதும்போது பேனா எங்கே தயங்கியது என்பதைத்தான் முதலில் பார்ப்பார்.

"புண்ணு எந்த இடம்னு இதுல காட்டும்மா" என்றார் மேடம்.

தையல்காரி தன் கணவனின் நீல ஓவராலை மேசைமேல் விரித்தாள். கம்பெனி கொடுத்த இரண்டில் வீட்டில் இருந்தது இது ஒன்றுதான். மார்க்கிங் சாக்கால் வலது தொடையில் ஒரு வட்டம் போட்டாள். ஐந்தாறு நாளாக ஆஸ்பத்திரியில் பார்த்துப் பார்த்து அவளுக்கு அந்தப் புண் மனப்பாடம். போட்ட கை அப்படியே நின்றது. துணியைத் திருப்பி உள்பக்கம் பார்த்தாள். அவளே தைத்துக்கொடுத்த உள்பாக்கெட்டின் அடிமூலை சரியாக அந்த வட்டத்துக்குள் இருந்தது.

"பூச்சிக்கடின்னு டாக்டர் சொல்றாருக்கா" என்றாள் மெதுவாக. "பூச்சி பாக்கெட் மூலையைத் தேடிப் போயா கடிக்கும்?"

"படிச்ச பூச்சியா இருக்கும்" என்றான் ஸ்டெப்னி, வாய்ப்பழக்கத்தில். யாரும் சிரிக்கவில்லை, அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

விஷயம் இதுதான். அவள் கணவன் குழாய் பதிக்கும் கம்பெனி ஒன்றில் உதவியாள். இரண்டு குழாய்களைப் பற்றவைத்த இடத்தில் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்க்கக் கதிர்வீச்சால் படம் எடுப்பார்கள். அவன் வேலை அந்தக் குழுவில் சாமான் தூக்குவது. பத்து நாளைக்கு முன்னால் படம் எடுக்கும்போது ஏதோ சிக்கிக்கொண்டது, இருபது நிமிடத்தில் சரியாகிவிட்டது. கம்பெனி தன் பதிவேட்டில் 'கதிர்வீச்சுச் சம்பவம்' என்று எழுதி மூடிவிட்டது. அன்று மதியமே அவன் வாந்தியோடு வீட்டுக்கு வந்தான். நாலாம் நாள் தொடை சிவந்தது, பிறகு கொப்பளித்தது, பிறகு குழி விழுந்தது. நாளைக் காலையில் அதைக் கீறிச் சுத்தம் செய்யப்போகிறார்கள்.

அது கதிர் பட்ட புண்ணாக இருந்தால் கத்தி பட்டபின் ஆறாது. காலோடு போனால் அதிர்ஷ்டம். அப்படிப்பட்ட புண்களைப் பார்க்கத் தெரிந்த பெரிய ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அங்கே படுக்கை கிடைக்கக் கம்பெனியின் கையெழுத்தோடு ஒரு தாள் வேண்டும், அதில் 'விபத்து' என்று இருக்க வேண்டும். சம்பவத்துக்கு அங்கே படுக்கை கிடையாது.

மேடத்தின் கண் மேசை ஓரத்திலிருந்த பிஸ்கட் டின்மேல் போனது. உள்ளே வாஷர், கம்பித்துண்டு, சங்கிலிக் கண்ணி.

"இதெல்லாம் என்னம்மா?"

"ஜிப்பைப் பிடிச்சு இழுக்கிற கொக்கி ஒடிஞ்சா இதுல ஒண்ணைக் கோத்துவிடுவேன்க்கா. வேலை செய்யற இடத்துல பளபளன்னு எது கிடந்தாலும் எனக்காகப் பாக்கெட்ல போட்டுட்டு வந்துடுவாரு. உள்பாக்கெட் தைச்சதே அதுக்குத்தான்." சொல்லும்போதே அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்து போனது. "பாப்பா இதை வெச்சுத்தான் விளையாடும்."

ஸ்டெப்னி தன்னையறியாமல் ஒரு அடி பின்னால் போனான். மேடம் நகரவில்லை.

"அன்னைக்கு ஏதாவது கொண்டுவந்தாரா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"இல்லக்கா. அன்னைக்கு ஓவராலைக்கூடக் கம்பெனியிலயே கழட்டிப் போட்டுட்டு, சொந்தத் துணியில வந்தாரு. கடைசியா ஒரு வாஷர்தான் கொண்டுவந்தாரு, அது போன மாசம்."

மேடம் பெருமூச்சு விட்டதை ஸ்டெப்னி நாலு வருடத்தில் இரண்டாவது முறையாகக் கேட்டான்.

கம்பெனி ஊருக்கு வெளியே, நீளமான முற்றத்தோடு இருந்தது. ஒரு கோடியில் ஸ்டோர், மறு கோடியில் ஆபீஸ், நடுவே புல்லில் துருப்பிடித்த குழாய்கள். குழாய் வேலை முடிந்து அடுத்த வேலை தொடங்காத நேரம். படம் எடுக்கும் குழுவை அந்தச் சம்பவத்துக்கு மறுநாளே லீவில் அனுப்பிவிட்டார்கள். கேட்டில் ஒரு காவலாளி, ஆபீசில் ஒரே ஒரு அதிகாரி, அவ்வளவுதான். கேட்டுக்கு உள்ளே சுவரில் ஒரு பலகை. அதில் ஐந்து ஆணி. ஒவ்வொரு ஆணிக்குக் கீழேயும் நீளச் சதுரமாக வெளுக்காத ஒரு அடையாளம். மேடம் அந்தப் பலகையை, கல்யாணப் பத்திரிகை படிப்பதுபோல் நிதானமாகப் படித்தார்.

பாதுகாப்பு அதிகாரி நல்ல மனுஷன் மாதிரித்தான் தெரிந்தார். எழுந்து நின்று வரவேற்றார். அவர் நாற்காலிக்குப் பின்னால் பிளைவுட் தடுப்பு, அதில் ஒரு காலண்டர். மேசையில் திறக்காத சாப்பாட்டு டப்பா. மணி இரண்டரை ஆகியிருந்தது.

"நீங்க சாப்பிடுங்க சார்" என்றார் மேடம்.

"வேண்டாம் மேடம். ஒரு வாரமா சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுது. மாத்திரை போட்டும் கேக்கல." டப்பாவை ஓரமாகத் தள்ளினார். "அந்த ஆளோட மனைவி பாவம். ஆனா நான் என்ன பண்ண முடியும்? விதி இருக்கு."

விதி சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்கியது. அதைப் பார்க்காமலே சொன்னார்.

"விபத்துன்னா ஒரு ஆளுக்கோ சுத்துப்புறத்துக்கோ பாதிப்பு வந்திருக்கணும். எல்லைக்கு மேல கதிர் பட்டிருக்கணும். சம்பவம்னா தப்பு நடந்துச்சு, நடந்திருக்கக் கூடாது, ஆனா யாருக்கும் எதுவும் ஆகலைன்னு அர்த்தம். இங்க நடந்தது சம்பவம்."

"யாருக்கும் எதுவும் ஆகலைன்னு உங்களுக்கு யார் சார் சொன்னது?"

"பேட்ஜ். சட்டையில குத்திக்கிற பேட்ஜ் எவ்வளவு கதிர் பட்டுச்சோ அதைப் பதிவு பண்ணிக்கும். அன்னைக்கே அஞ்சையும் லேபுக்கு அனுப்பினேன். எல்லாமே எல்லைக்கு ரொம்பக் கீழ." தாளை மேடத்தின் பக்கம் திருப்பி வைத்தார். அதில் எதையோ மறைக்கிற மனுஷன் அப்படித் திருப்ப மாட்டான் என்று ஸ்டெப்னி நினைத்தான். அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது.

மேடம் விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கினார். "அஞ்சு பேருக்கும் ஒரே அளவு. கடைசிப் புள்ளி வரைக்கும்."

"ஒரே இடத்துல வேலை பார்த்தவங்க."

"டிரைவரும் அதே இடத்துலயா?"

"அவரும் குழுதானே."

"காவலாளிகிட்ட விசாரிச்சேன். டிரைவர் காலை ஒடிச்சுக்கிட்டு ஒரு மாசமா வீட்டுல படுத்திருக்காராமே."

அதிகாரி தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

"கட்டுப் போட்ட காலோட பேட்ஜ் மட்டும் வேலைக்கு வந்திருக்கு" என்றான் ஸ்டெப்னி. "கடமை உணர்ச்சின்னா அது."

"அஞ்சு பேட்ஜும் அன்னைக்குக் கேட் பக்கத்துல ஆணியில தொங்கியிருக்கு சார்" என்றார் மேடம். "அன்னைக்கு மட்டுமா? பலகை வெளுக்காம இருக்கிற அஞ்சு இடத்தைப் பார்த்தா வருஷக்கணக்கா தொங்குது."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தது போதாதென்று மறுபடி துடைத்தார்.

"அளவு எல்லையைத் தாண்டினா வெளிவேலையிலிருந்து எடுத்து ஸ்டோர்ல உக்கார வெச்சுடுவோம். அது யாருக்கும் பிடிக்காது. அதனால பேட்ஜை மாட்டிட்டுப் போயிடுவாங்க. எனக்குத் தெரியும். நான் கண்டுக்கல." பிறகு குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். "ஆனா பேட்ஜை விடுங்க. சோர்ஸ் வெளிய நின்னது இருபது நிமிஷம். எல்லாரும் தூரத்துல நின்னாங்க. கேபிளைச் சுத்தி உள்ள இழுத்தாச்சு. மீட்டர் வெச்சுப் பார்த்தாச்சு. அதுக்கும் பதிவு இருக்கு."

அவர் சோர்ஸ் என்றது கதிர்வீசும் உலோகத்தை. அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிய துண்டு, ஒரு விரல் நீளச் சங்கிலி வாலோடு இருக்கும். கனமான ஒரு பெட்டிக்குள் குடியிருக்கும். அதற்கு அவர்கள் கேமரா என்று பெயர் வைத்திருந்தார்கள். தூரத்திலிருந்து கைப்பிடியைச் சுற்றினால் கேபிள் அதைக் குழாய் வரைக்கும் தள்ளிக்கொண்டு போகும். படம் எடுத்ததும் எதிர்ப்பக்கம் சுற்றி வீட்டுக்குள் சேர்த்துவிட வேண்டும்.

மேடம் பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். அந்த நாளின் கடைசி வரி: 'கேபிள் முழுவதும் உள்ளே வந்தது. பெட்டியின் மேல் மீட்டர் அளவு: பூஜ்யம்.' பூஜ்யத்துக்கு அடியில் இரண்டு கோடு. இந்தப் பேனா எங்கேயும் தயங்கவில்லை, சந்தோஷமாக எழுதியிருந்தது.

ஸ்டெப்னியும் எட்டிப் பார்த்தான். "அட, பூஜ்யம். என் டாக்சியில மீட்டர் பூஜ்யம் காட்டிச்சுன்னா எனக்கு அன்னைக்குச் சோறு இறங்காது."

"ஏன்?" என்றார் மேடம், பதிவேட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஆள் உள்ள உக்கார்ந்துட்டா மீட்டர் சும்மா இருக்காது மேடம். சிக்னல்ல நின்னாலும் வெயிட்டிங் ஓடும். பூஜ்யத்துல நிக்கிறது ஆளே இல்லாத வண்டிதான்."

அதிகாரியின் முகத்தில் ஈயாடவில்லை. பதினைந்து வருடம் இதே வேலையைப் பார்த்தவர். சோர்ஸ் உள்ளே இருக்கும் பெட்டி கொஞ்சமாவது கசியும், மீட்டர் முள் கொஞ்சமாவது நகரும் என்பது அவர் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம். அந்தப் பூஜ்யத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டவரும் அவரேதான். பூஜ்யம் என்றால் நல்ல செய்தி என்று எல்லாரும் நம்பிவிட்டார்கள். நம்ப ஆசையாக இருந்தது.

"கேபிள் நுனிக் கொக்கி வால்ல சரியா மாட்டாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார். அவருக்கு முடிக்கத் தெரிந்திருந்தது, வாய்தான் வரவில்லை.

"வெறும் கேபிள் உள்ள வந்திருக்கு" என்றார் மேடம். "வால் பளபளன்னு தரையில கிடந்திருக்கு. கிடக்கிறதைப் பொறுக்கிப் பொண்டாட்டிக்குக் கொண்டுபோற ஒருத்தர் அந்தப் பக்கமா வந்திருக்காரு."

மூன்று பேரும் முற்றத்தைக் கடந்து ஸ்டோருக்கு நடந்தார்கள். அதிகாரி பூட்டு இரண்டையும் திறந்தார். அலமாரியிலிருந்து மீட்டரை எடுத்து பாட்டரியைச் சோதித்தார். பாட்டரி நன்றாகவே இருந்தது. பெட்டி மூலையில், மஞ்சள் பெயின்ட்டோடு, சாதுவாக உட்கார்ந்திருந்தது. மீட்டரை அதன்மேல் வைத்தார். முள் அசையவில்லை. பக்கவாட்டில் வைத்தார், பின்னால் வைத்தார். அது அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"பத்து நாள்" என்றார் அதிகாரி. "பத்து நாளா வெறும் பெட்டிக்கு ரெண்டு பூட்டுப் போட்டு வெச்சிருக்கேன்."

"அவங்க வீட்டுக்கு ஓடணும் மேடம்" என்றான் ஸ்டெப்னி. அவன் கண்ணில் அந்த பிஸ்கட் டின்னும், இதுவரை பார்த்தேயிராத ஒரு பாப்பாவும் நின்றன.

"அன்னைக்கு ஓவராலை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலைய்யா. மறந்துட்டியா?" மேடம் அதிகாரியின் பக்கம் திரும்பினார். "உங்க ஆளுங்க உடுப்பு மாத்துற இடம் எங்க?"

அதிகாரி மீட்டரை அணைக்காமலே கையில் பிடித்தபடி வெளியே வந்து, வந்த வழியே ஆபீசை நோக்கி நடக்க ஆரம்பித்தார். குழாய்களைத் தாண்டியதும் முள் முதல் தடவையாக நடுங்கியது. அவர் நின்றார். மூன்று அடி வைத்தார். முள் மேலே போனது. அது ஏறிக்கொண்டிருந்த திசையிலிருந்துதான் அவர்கள் இப்போது எழுந்து வந்தார்கள்.

ஆபீஸ் வாசலுக்கு இருபது அடி இருக்கும்போது முள் கோடிக்குப் போய் ஒட்டிக்கொண்டது. மேடம் அவர் தோளைப் பிடித்தார்.

"போதும். அங்கேயே நில்லுங்க சார்."

ஆபீசுக்கு இரண்டு கதவு. ஒன்று அதிகாரியின் அறை. பக்கத்துக் கதவில் 'உடை மாற்றும் அறை' என்று எழுதியிருந்தது. கதவின் கண்ணாடி வழியே வரிசையாகக் கொக்கிகள் தெரிந்தன. எல்லாம் காலி, கடைசிக் கொக்கியைத் தவிர. அதில் ஒரு நீல ஓவரால், பிளைவுட் தடுப்பில் சாய்ந்தாற்போல் தொங்கியது. அந்தத் தடுப்புக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அங்கே ஒரு காலண்டர் இருந்தது. காலண்டருக்குக் கீழே ஒரு நாற்காலி இருந்தது.

அதிகாரி தன் சட்டைக்குள் கையை விட்டு முதுகைத் தொட்டுப் பார்த்தார், ஏதோ கடித்த இடத்தைத் தேடுவதுபோல.

"அரை இன்ச் பலகை" என்றார். "நான்தான் போடச் சொன்னேன், காத்தோட்டமா இருக்கட்டும்னு."

அதற்குப்பின் அவர் வேலை தெரிந்த மனிதராக மாறினார். இவர்கள் இரண்டு பேரையும் காவலாளியையும் கேட்டுக்கு வெளியே கொண்டுவந்தார். கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டினார். யாருக்கு முதலில் சொல்ல வேண்டுமோ அவர்களுக்குப் போன் செய்து, நடுக்கமில்லாத குரலில் சொன்னார். ஸ்டெப்னியின் கார் பானட்மேல் தாளை வைத்து, உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே எழுதினார். 'கதிர்வீச்சு' என்று எழுதினார். அடுத்த வார்த்தையில் பேனா ஒரு நொடி நின்றது. மேடம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு 'விபத்து' என்று எழுதி, அந்த உதவியாளின் பெயரைப் பாதிக்கப்பட்டவர் என்ற இடத்தில் போட்டுக் கையெழுத்திட்டார்.

மேடம் அங்கேயே தையல்காரிக்குப் போன் செய்தார். "கத்தி வைக்க வேண்டாம்னு டாக்டர்கிட்ட சொல்லும்மா. தாள் வந்துட்டு இருக்கு. ஆமா, அந்த வார்த்தையேதான். அழாதே, துணிமணி எடுத்து வை, இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்துறாங்க."

தாளை வாங்கக் கை நீட்டிய ஸ்டெப்னியை அதிகாரி நிறுத்தினார். "ஒரு நிமிஷம்." பேனாவை மறுபடி திறந்தார். உதவியாளின் பெயருக்குக் கீழே இரண்டு என்று எண் போட்டு, தன் பெயரை எழுதினார். இந்த முறை பேனா தயங்கவே இல்லை. அதற்குக் கீழே இன்னொரு தலைப்புப் போட்டார்: 'பரிசோதிக்கப்பட வேண்டியவர்கள்.' காவலாளியின் பெயரை எழுதிவிட்டு, நிமிர்ந்து இவர்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "நீங்க என் ரூம்ல எவ்வளவு நேரம் உக்கார்ந்திருந்தீங்க?"

"முப்பத்தஞ்சு நிமிஷம்" என்றார் மேடம். அவருக்கு எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு.

"வெயிட்டிங் ஓடியிருக்கும்" என்றான் ஸ்டெப்னி. குரல் அவன் நினைத்த அளவுக்கு வேடிக்கையாக வரவில்லை.

"தடுப்பிலிருந்து தள்ளித்தான் உக்கார்ந்திருந்தீங்க. அவ்வளவு பயப்பட வேண்டாம். ஆனா போய்க் காட்டிக்கணும், கண்டிப்பா." அதை அவர் அன்பாகச் சொன்னார். தனக்கு அப்படிச் சொல்ல யாருமில்லை என்பது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

ஸ்டெப்னி தாளை உறையில் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு காரைக் கிளப்பினான். அப்போது அதிகாரியின் போன் அடித்தது. திரையில் வந்த பெயரைப் பார்த்ததுமே அவர் முகம் மாறியது. இரண்டு மூன்று தடவை மணி அடிக்க விட்டுத்தான் எடுத்தார்.

"சொல்லும்மா... இல்ல, டப்பா அப்படியேதான் இருக்கு, பசிக்கல... சாயங்காலம் வர லேட்டாகும். நீ சாப்பிட்டுப் படுத்துடு." பானட்மேல் கிடந்த பேனா மூடியை எடுத்து மெல்ல உருட்டினார். "ஒண்ணுமில்லம்மா. ஆபீஸ்ல ஒரு சின்ன சம்பவம்."

ஸ்டெப்னி திரும்பி மேடத்தைப் பார்த்தான். இருபது வருடம் மற்றவர்கள் எழுதிய வார்த்தையைத் திருத்தியே பிழைத்தவர், இந்த ஒரு வார்த்தையை மட்டும் அப்படியே விட்டுவிட்டு, காரின் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.